பாலைப் பள்ளத்தாக்குகளும் வழிகாட்டிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில், வட எல்லையை ஒட்டிப் பேஜ் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நாள் சுற்றுலாவுக்கு நீங்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு. திறந்த வண்டியொன்று வறண்ட ஓடை மணலில் குலுங்கிக் குலுங்கிச் சென்று ஒரு செம்பாறைச் சுவரின் முன் நிற்கிறது. சுவரில் ஒரு பிளவு. உள்ளே நுழைந்தால் இரு புறமும் பாறை அலை அலையாக வளைந்து உயர்கிறது. சில இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இரண்டு சுவர்களையும் தொட்டுவிடலாம். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நீலக் கயிறு போலத் தெரியும். சில இடங்களில் அதுவும் தெரியாது. இதுதான் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு.

இந்தப் பள்ளத்தாக்கு நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும், எத்தனை மலைகள் ஏறிப் பழகியவராயினும், அவர்கள் அனுமதித்த வழிகாட்டியின்றி உள்ளே போக முடியாது. ஏன்? வழி தவறிவிடும் என்பதாலா? வழி தவற அங்கே இடமே இல்லை. முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான். அப்படியானால் வழிகாட்டி எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் பாறையின் வரலாற்றையும் மனிதரின் வரலாற்றையும் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் செதுக்கிய பாலைவனம்

பள்ளத்தாக்கின் மேல்பகுதிக்கு நவாஹோ மொழியில் 'ட்சே பிகானிலினி' என்று பெயர். 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்' என்பது அதன் பொருள். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அங்கே ஒரு சொட்டு நீரையும் காண முடியாது. இருந்தும் அம்மக்கள் அந்த இடத்துக்கு நீரை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிட்டவர்கள் பாறையின் அழகைப் பார்த்துச் சொக்கி நின்றவர்கள் அல்லர். அங்கே ஆடு மேய்த்தவர்கள்.

இந்தப் பாறையை நிலவியலார் 'நவாஹோ மணற்கல்' என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், அப்பகுதி முழுவதும் சகாராவைப் போன்ற பெரும் மணற்கடலாக இருந்தது. காற்று குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, இறுகிக் கல்லாயின. சுவரில் நீங்கள் காணும் சாய்ந்த வரிகள் அந்தப் பழைய மணற்குன்றுகளின் சரிவுகளே. மணல்மணிகளைப் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் செந்நிறத்துக்குக் காரணம்.

கல்லாகிய பின் நிலம் உயர்ந்தது. பாறையில் வெடிப்புகள் தோன்றின. மழைநீர் அந்த வெடிப்புகளில் புகுந்தது. வெறும் நீர் பாறையை அவ்வளவு எளிதில் தேய்ப்பதில்லை. நீர் சுமந்துவரும் மணலும் கல்லுமே உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்க்கின்றன. வெடிப்பின் அகலம் குறைவாதலால் நீரின் வலிமை முழுவதும் கீழ்நோக்கியும் சுழன்றும் வேலை செய்கிறது. சுவரிலுள்ள ஒவ்வொரு வளைவும் ஒரு நீர்ச்சுழலின் தழும்பு எனலாம். ஆண்டு முழுவதும் அமைதியாக ஓடும் ஆறு இப்படிப்பட்ட இடுக்கைத் தோண்டியிருக்காது. எப்போதோ வந்து, சில மணி நேரமே ஓடி, மறைந்துவிடும் காட்டாற்று வெள்ளமே இதன் சிற்பி.

உள்ளே சுவர்கள் கனல் போல ஒளிர்வதற்கும் எளிய இயற்பியல் காரணம் உண்டு. மேலிருந்து விழும் வெயில் நேரே தரைக்கு வருவதில்லை. சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்தே கீழே இறங்குகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் செம்பாறை நீலத்தை விழுங்கிக்கொண்டு, சிவப்பையும் செம்மஞ்சளையும் திருப்பி அனுப்புகிறது. நான்கைந்து முறை இப்படித் தெறித்தபின் மிஞ்சுவது எந்த நிறமாக இருக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். புகைப்படக்காரர்கள் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் இங்கே வருவது இந்த ஒளிக்காகத்தான். ஆனால் நம் கதை ஒளியைப் பற்றியது அன்று; நீரைப் பற்றியது.

வந்தவர்களும் அழைத்துச் சென்றவர்களும்

கொலராடோ ஆற்றின் இந்தப் பள்ளத்தாக்கு நாட்டில் ஐரோப்பியர் மேற்கொண்ட முதல் பயணமே வழிகாட்டிகளுடன் சென்ற ஒரு சிறு குழுவின் பயணந்தான். 1540ஆம் ஆண்டு, தங்க நகரங்களைத் தேடி மெக்சிகோவிலிருந்து வந்த கொரொனாடோ என்ற ஸ்பானியத் தளபதி, கார்டெனாஸ் என்பவரைச் சில வீரர்களுடன் மேற்கே அனுப்பினார். ஹோபி பழங்குடியினர் அவர்களைப் பெரும் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு அழைத்துச் சென்றனர். மேலிருந்து பார்த்த ஸ்பானியருக்குக் கீழே ஆறு ஓர் ஓடையாகத் தெரிந்தது. அது மிக அகலமான ஆறு என்று ஹோபிகள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல் போக முடியாமல் திரும்பினார்கள். மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தையும் விட உயரமானவை என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாக அக்காலக் குறிப்பு கூறுகிறது.

ஹோபி மக்கள் உப்பு எடுப்பதற்காக அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிச் செல்லும் வழக்கமுடையவர்கள். ஆகவே இறங்கும் வழி அவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் வேண்டுமென்றே அதைக் காட்டவில்லை என்று கருதும் வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வாளேந்தி வந்த விருந்தாளிக்கு உப்பிருக்கும் இடத்தை யார் காட்டுவார்கள்?

அடுத்த குறிப்பிடத்தக்க பயணம் 1776ஆம் ஆண்டில் நடந்தது. டொமிங்கெஸ், எஸ்கலாண்டே என்னும் இரண்டு பாதிரிமார் சான்டா ஃபே நகரிலிருந்து கலிபோர்னியாவுக்கு வழி தேடிப் புறப்பட்டனர். குளிர் நெருங்கவே பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. வழிகாட்டியாக வந்தவரும் இடையில் பிரிந்து போய்விட்டார். அக்டோபர் இறுதியில் கொலராடோவின் கரைக்கு வந்தவர்கள் கடக்கும் துறை எங்கே என்று தெரியாமல் பன்னிரண்டு நாள்கள் அலைந்தார்கள். பசிக்குக் குதிரைகளைக் கொன்று தின்றார்கள். கடைசியில் நவம்பர் 7ஆம் நாள், மணற்கல்லில் படி வெட்டிக் குதிரைகளை இறக்கி, ஆழமில்லாத ஓரிடத்தில் ஆற்றைக் கடந்தனர். உள்ளூர் மக்கள் அறிந்து வைத்திருந்த துறைதான் அது. வழி தெரிந்த ஒருவர் உடனிருந்தால் சில மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம்!

1857-58இல் ஐவ்ஸ் என்ற அமெரிக்கப் படை அதிகாரி நீராவிப் படகில் கொலராடோவின் கீழ்ப்பகுதியில் எதிரேறி வந்தார். படகு பாறையில் மோதியபின் தரைவழியாகப் புறப்பட்டு, ஹுவாலபாய் மக்களின் துணையோடு பெரும் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது பயனற்ற இடம், இனி யாரும் இங்கு வரப்போவதில்லை என்ற பொருள்பட எழுதிவைத்தார். இன்று அந்தப் பள்ளத்தாக்கைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகிறார்கள். ஐவ்ஸின் ஆரூடத்தைக் கண்டு சிரிப்பது எளிது. ஆனால் அவருடைய குழுவில் நியூபெரி என்ற நிலவியலாரும் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தனை ஆழமான பள்ளங்களைப் பூமி பிளந்து உண்டாக்கவில்லை, ஓடும் நீர்தான் அரித்தது என்று துணிந்து சொன்னவர் அவர். பயனற்றது என்று தலைவர் கைவிட்ட இடத்தில் நிலவியலின் ஒரு பெரிய உண்மையை உடன்வந்தவர் கண்டுகொண்டார்.

இக்காலத்தில் நவாஹோ மக்களுக்கு நேர்ந்த துன்பம் பெரிது. 1864ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை அவர்களைத் தாயகத்திலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்தியே கொண்டுபோய் நியூ மெக்சிகோவின் கிழக்கில் அடைத்துவைத்தது. 1868இல் உடன்படிக்கை ஏற்பட்டபின்தான் அவர்கள் திரும்ப முடிந்தது. படைக்கு அகப்படாமல், நவாஹோ மலையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் மறைந்து வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். எந்த இடுக்கில் நீர் நிற்கும், எந்த இடுக்கில் நீர் வரும் என்பது அவர்களுக்கு உயிர் பிழைப்பதற்கான அறிவு.

மறு ஆண்டு, அதாவது 1869 மே மாதம், ஜான் வெஸ்லி பவல் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஆசிரியர் இவர். பத்துப் பேர், நான்கு படகுகள், பத்து மாதங்களுக்கு உணவு. உள்ளூர் வழிகாட்டி இல்லை. ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. உணவு கெட்டுப்போனது. ஒருவர் தொடக்கத்திலேயே விலகினார். ஆகஸ்ட் 28ஆம் நாள், முன்னேயிருந்த நீர்ச்சரிவைக் கண்டு, இனி படகில் போவது தற்கொலை என்று மூன்று பேர் பிரிந்து மேட்டுக்கு ஏறிச் சென்றார்கள். மீதி ஆறு பேர் துணிந்து படகைச் செலுத்தினார்கள். இரண்டே நாளில் பள்ளத்தாக்கைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்கள். ஏறிப்போன மூவரும் கொல்லப்பட்டனர். கொன்றது யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மறு ஆண்டு பவல் மீண்டும் அப்பக்கம் வந்தபோது படகிலிருந்து தொடங்கவில்லை. முதலில் பையூட் மக்களோடு உட்கார்ந்து பேசினார். நீர் எங்கே, வழி எங்கே என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக விளங்கிய இவர், பழங்குடி மக்களின் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராயும் நிறுவனத்தையும் நடத்தினார்.

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். யூட்டா மாநிலத்தில் வானவில் பாலம் என்ற இயற்கைப் பாறை வளைவு உள்ளது. உயரம் 290 அடி, அகலம் 275 அடி. 1909 ஆகஸ்ட் 14ஆம் நாள் கம்மிங்ஸ் என்ற பேராசிரியரும் டக்ளஸ் என்ற நில அளவையாளரும் கூடிச் சென்று அதைக் 'கண்டுபிடித்தார்கள்'. அவர்களைக் குதிரையில் வைத்து அழைத்துப் போனவர்களுள் நாஸ்ஜா பெகாய், ஜிம் மைக் என்னும் பையூட் மக்கள் இருவர் உண்டு. அவர்களுக்கு வழி முன்பே தெரிந்திருந்தது என்றால், கண்டுபிடித்தவர் யார்? மறு ஆண்டே குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்.

அணை கொடுத்த சுற்றுலா

நாள்கணக்கில் குதிரையில் போகவேண்டிய இடங்களை ஒரே நாளில் பார்க்கும்படி செய்தது ஓர் அணை. 1956இல் கிளென் பள்ளத்தாக்கில் கொலராடோவின் குறுக்கே 710 அடி உயர அணையின் வேலை தொடங்கியது. அதைக் கட்ட வந்த தொழிலாளருக்காக 1957இல் எழுந்த ஊர்தான் பேஜ். ஊர் அமைந்த மேடு, வேறோரிடத்தில் நிலம் கொடுத்து நவாஹோ மக்களிடமிருந்து பெறப்பட்டது. 1963 மார்ச் 13இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். பவலின் பெயர் சூட்டப்பட்ட அந்த ஏரி முதன்முறையாக நிரம்பியது 1980இல். 1776இல் பாதிரிமார் வெட்டிய படிகள் அதனுள் மூழ்கின. வானவில் பாலத்துக்கருகே படகே போகலாயிற்று. அது தங்கள் வழிபாட்டுக்குரிய இடம் என்று நவாஹோ மக்கள் சிலர் 1974இல் வழக்குத் தொடுத்தனர். 1980இல் மேல்முறையீட்டிலும் அவர்கள் வெல்லவில்லை. எனினும் 1990களில் பூங்கா நிர்வாகமே, பாலத்தின் அடியில் நடக்க வேண்டாம் என்று வருவோரை வேண்டிக்கொள்ளத் தொடங்கியது.

சாலையும் விடுதியும் வந்தபின், பேஜுக்கு அருகிலேயே இருந்த ஆண்டிலோப் பள்ளத்தாக்குக்கும் ஆட்கள் வரலாயினர். மேல்பகுதியில் தரைமட்டத்திலேயே நடந்து செல்லலாம். கீழ்ப்பகுதியில் ஏணி வழியாக நிலத்துக்குள் இறங்க வேண்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 ஆகஸ்ட் 12

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிக்கும் பருவமழை உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கலிபோர்னிய வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. காய்ந்த நிலம் காற்றைச் சூடாக்கி மேலெழுப்ப, பிற்பகலில் இடிமேகம் திரண்டு ஓரிடத்தில் மட்டும் கொட்டித் தீர்க்கும். அடுத்த சில மைல்களில் வெயில் காயும். மண்ணும் மரமும் இல்லாத வழுக்குப் பாறையில் விழுந்த மழையை உறிஞ்ச எதுவும் இல்லை. கூரையில் விழுந்த நீர் தூம்பு வழியே பாய்வது போல எல்லாம் ஓர் இடுக்கை நோக்கி ஓடிவரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதுர கிலோமீட்டர் பாறை நிலத்தில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல மழை பெய்கிறது. மொத்த நீர் 2,50,000 கன மீட்டர். பாதி மட்டும் ஒரு மணி நேரத்தில் வடிந்து வருவதாகக் கொண்டாலும், விநாடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர். 2 மீட்டர் அகலமுள்ள இடுக்கில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அது ஓடினால் ஆழம் என்ன? 35ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 6 மீட்டர்! இடுக்கு ஒரு மீட்டராகக் குறுகினால் ஆழம் இரு மடங்காக வேண்டும், அல்லது வேகம் கூட வேண்டும். வகுப்பில் பாய்வின் தொடர்ச்சிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது பின்வரிசையில் கொட்டாவி எழுவது வழக்கம். அந்தச் சமன்பாட்டின் பொருள் இதுதான்.

வேகம் கூடுவதன் விளைவு இன்னும் கொடியது. வேகம் இரு மடங்கானால், நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை ஏறக்குறைய 64 மடங்காகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் கணக்கிட்டுக் காட்டிய விதி இது. ஆகவே இடுக்கில் வருவது வெறும் தண்ணீர் அன்று; சேறும் கல்லும் மரத்துண்டும் கலந்த ஒரு குழம்பு. அதில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றே.

1997 ஆகஸ்ட் 12ஆம் நாள் பிற்பகலில் இதுதான் நடந்தது. பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் மழை மிகச் சிறிதே. பல மைல் தொலைவில், ஓடையின் மேற்புறத்தில் இடிமழை கொட்டியது. அந்த நீர் இடுக்கு வழியே பாய்ந்து வந்தபோது, கீழ்ப்பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். அவர்கள் ஏறியிறங்கிய ஏணிகள் மரத்தால் ஆனவை. வெள்ளம் அவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. 11 பேர் இறந்தனர். அவர்களுள் ஏழு பேர் பிரான்சு நாட்டினர். அடித்துச் செல்லப்பட்டவர்களில் பிழைத்தவர் ஒருவரே. அவர் ஒரு சிறு குழுவை வெளியூரிலிருந்து அழைத்து வந்திருந்த வழிகாட்டி.

இந்தச் செய்தியில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு குழுவுடன் வழிகாட்டியும் இருந்தாரே, பின் ஏன் இது நேர்ந்தது? உள்ளே இருக்கும் எவருக்கும், அவர் வழிகாட்டியே ஆனாலும், அதே நீலக் கயிறுதான் வானம். மழை பெய்யும் இடத்தை உள்ளிருந்து பார்க்க முடியாது. 10 கிலோமீட்டர் தொலைவில் புறப்பட்ட வெள்ளம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து சேர ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும். 55 நிமிடம் என்பது எல்லோரையும் மேலே ஏற்றிவிடப் போதிய நேரம்! ஆனால் மழையைக் கண்ட ஒருவர் வெளியே இருக்க வேண்டும்; அவர் சொல்வது உள்ளே கேட்க வேண்டும்; ஏறுவதற்கு ஏணி உறுதியாக நிற்க வேண்டும். ஆகவே இங்கே வழிகாட்டி என்பது ஓர் ஆளைக் குறிக்கும் சொல் என்று நான் கருதவில்லை. ஓடையின் தலைப்பகுதியில் வானம் எப்படி இருக்கிறது என்ற செய்தி, உள்ளே நிற்பவர் காதுக்கு உரிய நேரத்தில் வந்துசேரும் ஏற்பாடு முழுவதும் சேர்ந்துதான் வழிகாட்டி.

பின்னர் நடந்த மாற்றங்களைப் பார்த்தால் இது விளங்கும். அதே 1997ஆம் ஆண்டில் இப்பகுதி நவாஹோ பழங்குடிப் பூங்காவின் கீழ் வந்தது. தனியே நுழைவது நின்றது. மர ஏணிகளுக்குப் பதிலாக எஃகுப் படிகள் பாறையில் திருகி இறுக்கப்பட்டன. வானிலை எச்சரிக்கை கேட்பதற்கான வானொலி வைக்கப்பட்டது. எச்சரிக்கை ஊதல் வந்தது. மேலிருந்து கீழே வீசி, பிடித்து ஏறிக்கொள்ளக்கூடிய வலைகளும் தயாராக வைக்கப்பட்டன. ஓடையின் மேற்புறத்தில் மழை என்ற ஐயம் எழுந்தாலே நுழைவு நிறுத்தப்படுகிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் சுட்டெரிக்கும்போது, 'இன்று உள்ளே போக முடியாது' என்று நவாஹோ வழிகாட்டி சொல்லக்கூடும். பல ஆயிரம் மைல் கடந்து வந்த பயணிக்குக் கோபம் வருவது இயற்கையே. அந்த ஊருக்குப் போகும் நம்மவர் யாராயினும் அப்போது ஓடையின் மேல்திசையைக் கேட்டறிந்து அங்கே பார்ப்பது நல்லது.

வெள்ளம் நின்றுவிடவில்லை. 2006 அக்டோபர் இறுதியில் வந்த வெள்ளம் 36 மணி நேரம் நீடித்தது. கீழ்ப்பகுதி ஐந்து மாதங்கள் மூடப்பட்டது. 2010 ஜூலை இறுதியில் மேல்பகுதியில் பயணிகள் சிலர் ஒரு பாறைத் திட்டில் ஏறி நின்று, நீர் வடியும் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொரு வெள்ளமும் பள்ளத்தாக்கின் தரையை மாற்றி அமைக்கிறது. சில அடி மணலைக் கொண்டுவந்து கொட்டும். அல்லது இருந்த மணலை வாரிக்கொண்டு போகும். சென்ற ஆண்டு தலைக்கு மேலிருந்த வளைவு இந்த ஆண்டு இடுப்பளவில் இருக்கக்கூடும். எனவே வெள்ளம் வடிந்தபின் உள்ளே முதலில் செல்பவர்கள் பயணிகள் அல்லர். அங்கே வேலை செய்பவர்கள். படிகள் உறுதியாக இருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்து, அடைத்துக்கிடக்கும் சேற்றையும் மணலையும் அப்புறப்படுத்திய பிறகே அன்றைய முதல் குழு இறங்குகிறது.